ரீசார்ஜ் தீர்ந்தால் உரிமையும் தீருமா?

(திருவொற்றியூரில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு இணையச் சேவை நிறுவனங்களும் அரசின் ஒழுங்குமுறையும். "நெட் பேக்கைப் பற்றிப் பேச சாதி ஒழிப்பு மேடை எதற்கு?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல இணையத்திலிருந்து தொடங்க முடியாது, சாலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, பொதுத்தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ரெட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்ற நம் முன்னோர்கள் அந்த அவைக்குள் உட்கார்ந்து போராடி வாங்கிய உரிமை அது. அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானமும் இதே வகைதான். மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் தீர்மானம் போட்ட பிறகும் நம் மக்கள் யாராலும் அந்தக் குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிய பிறகுதான் காகிதத்தில் இருந்த உரிமைக்கு உயிர் வந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பொதுவில் உள்ள பாதையில் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தனியார் யாரும் முடிவு செய்யக் கூடாது என்பது முதல் பாடம். பாதை எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, நம் கால் அதில் படும் நிலைமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். இணைய விஷயத்தில் இந்த நாடு முதல் பாடத்தை ஓரளவு படித்திருக்கிறது. இரண்டாவது பாடத்தின் பக்கத்தைத் திருப்பவே இல்லை. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

முதலில் வெற்றிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள்.

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் ஸ்கைப், வைபர் போன்ற செயலிகளுக்குத் தனியாகக் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்தது. டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு வாங்கிவிட்டு, அதை எதற்குப் பயன்படுத்துகிறாய் என்று பார்த்து இன்னொரு காசு! சாலைக்குச் சுங்கம் கட்டிய பிறகு, வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து மறுபடி வசூலிப்பதைப் போல. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். 2015 மார்ச்சில் டிராய் என்கிற இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இது குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் வந்தது. எந்த நிறுவனம் ஏர்டெல்லுக்குப் பணம் கட்டுகிறதோ, அதன் செயலி மட்டும் மக்களுக்கு இலவசம். அதில் சேர்வதாக இருந்த ஃபிளிப்கார்ட், கண்டனம் வலுத்ததும் விலகிக்கொண்டது. டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேலான மின்னஞ்சல்கள் குவிந்தன.

அடுத்து வந்தது ஃபேஸ்புக். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட் டாட் ஆர்க் என்ற திட்டத்தை இந்தியாவில் தொடங்கியது. முதலில் தொடங்கிய பகுதிகளில் நம் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். ஏழைகளுக்கு இலவச இணையம் என்றார்கள். உண்மையில் அது இணையமே இல்லை. ஃபேஸ்புக் வைத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பட்டியலில் இடம்பிடித்த சில தளங்கள் மட்டும் திறக்கும் ஒரு கூண்டு அது. வீடியோ கூடாது, பெரிய படங்கள் கூடாது, இணையவழிப் பேச்சு கூடாது என்று தொழில்நுட்ப விதிகள் வேறு.

அந்த டிசம்பரில் மார்க் சக்கர்பெர்க் ஒரு ஆங்கில நாளிதழில் கட்டுரை எழுதினார். மகாராஷ்டிரத்து விவசாயி ஒருவரைச் சொல்லி, அவருக்கு நாங்கள் கொடுக்கும் இணையத்தை ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்டார். தோழர்களே, நம் நாட்டில் இது பழகிப்போன வித்தை. ஏழையின் பெயரைச் சொல்லியே ஏழைக்கு இரண்டாந்தரச் சரக்கைக் கொடுப்பார்கள். தேநீர்க் கடையில் நமக்கும் டீ கொடுத்தார்கள்தான், ஆனால் தனிக் குவளையில். காசு உள்ளவனுக்கு முழு இணையம், காசு இல்லாதவனுக்கு நாலு தளம் என்பது டிஜிட்டல் தனிக் குவளை. டீ கிடைத்ததே என்று நாம் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

இந்த விவாதம் உச்சத்தில் இருந்தபோது, 2016 ஜனவரி 17 அன்று, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் தோழர் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவருடைய கடைசிக் கடிதம் எப்படிப் பரவியது என்று நினைத்துப் பாருங்கள். கைபேசியிலிருந்து கைபேசிக்கு, சின்னச் சின்ன வலைத்தளங்கள் வழியாக, மாணவர்களே மொழிபெயர்த்து, மாணவர்களே பகிர்ந்து பரவியது. ஆமாம், ஃபேஸ்புக் வழியாகவும்தான் பரவியது. அதனால்தான் சொல்கிறேன், செய்தியைச் சுமந்து போகிறவனுக்கே எந்தச் செய்தி போகலாம் என்று பட்டியல் போடும் அதிகாரத்தையும் கொடுத்துவிடக் கூடாது. அன்று நம் மக்கள் பேசிய காணொளிகள், அம்பேத்கரிய வலைத்தளங்கள், வாசகர் நன்கொடையில் ஓடிய சிறு இதழ்கள் இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்திருக்குமா? வீடியோவே கூடாது என்ற விதி இருக்கும்போது, தன் மேல் நடந்த வன்கொடுமையை ஒரு பெண் தன் வாயால் சொல்லும் காட்சி எந்தக் கதவு வழியாக வந்திருக்கும்?

2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தன் முடிவை அறிவித்தது. எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்து டேட்டா கட்டணத்தில் பாகுபாடு காட்டக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. அந்தக் கோபத்தில் ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன் என்ற முதலீட்டாளர், காலனிய எதிர்ப்புதான் இந்தியர்களைப் பொருளாதாரத்தில் கெடுத்தது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி, பிறகு அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். 2018 ஜூலையில் நெட் நியூட்ராலிட்டி என்கிற இணையச் சமநிலைக் கொள்கையை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. எந்தத் தளத்தையும் தடுக்கவோ, வேகத்தைக் குறைக்கவோ, காசு வாங்கிக்கொண்டு முன்னால் தள்ளவோ கூடாது என்பதே அதன் பொருள்.

இது பெரிய வெற்றி. யார் இதைக் குறைத்துப் பேசினாலும் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் போராட்டத்தின் குரல் யாருடையது என்று பார்த்தால், பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த, ஏற்கெனவே இணையம் வைத்திருந்த நகரத்து இளைஞர்களுடையது. தங்கள் இணையத்தில் கை வைக்காதே என்றார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். ஃபேஸ்புக் ஏழைகளின் பெயரால் பேசியது, இவர்கள் இணையச் சுதந்திரத்தின் பெயரால் பேசினார்கள். காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் அம்மாவும், எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் படிக்கும் பிள்ளையும் இரண்டு பக்கத்திலும் பேச்சுக்குப் பொருளாக இருந்தார்கள், பேசுபவர்களாக இல்லை. ஃப்ரீ பேசிக்ஸ் போன பிறகு, அப்படியானால் ஏழைக்கு முழு இணையம் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வியை எல்லோரும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்விக்குச் சந்தை தன் பதிலைச் சொன்னது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. சில மாதங்கள் எல்லாம் இலவசம். விலைப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொரு நிறுவனமாகக் கடையை மூடியது. ஒரு காலத்தில் நம் ஊரில் ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ரிலையன்ஸ், டாடா டொகோமோ, எம்டிஎஸ், பிஎஸ்என்எல் என்று சிம் கார்டு விற்கும் குடைகள் தெருவுக்குத் தெரு நின்றன. இன்று எத்தனை குடை நிற்கிறது?

ஏர்செல் கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நிறுவனம். 2018 பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் மாநிலம் முழுக்க சிக்னல் போய்விட்டது. வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டும் என்றால் அந்த எண்ணிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்பி ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும். சிக்னலே இல்லாதபோது எங்கிருந்து அனுப்புவது? ஏர்செல் கடை வாசல்களில் மக்கள் வெயிலில் வரிசையில் நின்றார்கள். மாத இறுதியில் நிறுவனம் திவால் மனு போட்டது. பிறகு டிராய் தலையிட்டு, எண் மாற்றிக்கொள்ள ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுத்தது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை, நுகர்வோரின் தேர்வுரிமைக்குப் பெரிய சான்று என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள். அந்த உரிமை வேலை செய்ய வேண்டிய நாளில் வேலை செய்யவில்லை. பணமும் நேரமும் இருந்தவர்கள் அன்று சாயங்காலமே புது சிம் வாங்கினார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. களத்தில் மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். அதன் பிறகு என்ன நடந்தது? 2019 டிசம்பரில் விலை ஏறியது. 2021 நவம்பரில் ஏறியது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ஒரே வாரத்தில் ஏற்றின. ஏர்டெல்லின் தொடக்க பேக் 179இலிருந்து 199 ஆனது. ஜியோவில் 155 ரூபாய் பேக் 189 ஆனது. மூன்று கடைக்காரர்கள் ஒரே வாரத்தில் விலை ஏற்றும் சந்தையில் நமக்கு என்ன தேர்வு இருக்கிறது? யாரிடம் கூடுதலாகக் கொடுப்பது என்ற தேர்வுதான்.

"ஒரு ஜிபி டேட்டா 2014இல் 269 ரூபாய், இப்போது பத்து ரூபாய்கூட இல்லை. உலகத்திலேயே மலிவு நம் நாட்டில்தான்" என்று அரசு தரப்பில் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் கடையில் போய்ப் பத்து ரூபாயைக் கொடுத்து, எனக்கு ஒரு ஜிபி மட்டும் கொடு, ஒரு மாதம் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. 2018 முடியும்போது மாதம் 35 ரூபாயாவது போட்டால்தான் இணைப்பு நிற்கும் என்று தொடங்கினார்கள். இன்று அது ஏறக்குறைய 200 ரூபாயில் வந்து நிற்கிறது. கிலோ மலிவுதான், ஆனால் மூட்டையாக வாங்கினால்தான் விற்பேன் என்கிறார்கள். சில்லறையாக வாங்கிப் பிழைக்கிறவனுக்கு மொத்த விலை மலிவு என்பதால் என்ன பயன்?

இன்னொரு கணக்கு. ஆண்டுக்கு எத்தனை மாதம்? பன்னிரண்டு. ரீசார்ஜுக்கு எத்தனை மாதம்? பதின்மூன்று. 28 நாள் பேக்கின் தந்திரம் இது. 199 ரூபாய் பேக்கை ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட்டால் 2,587 ரூபாய். வீட்டில் அப்பா, அம்மா, படிக்கிற ஒரு பிள்ளை என்று மூன்று சிம் இருந்தால் 7,761 ரூபாய். 2022 ஜனவரியில் டிராய் இதைக் கவனித்து, 30 நாள் பேக் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எத்தனை பேருக்கு அது தெரியும்? ரீசார்ஜ் கடையில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

2024 ஜூலை விலை உயர்வின்போது மத்திய அரசு கொடுத்த விளக்கம்தான் முக்கியம். கட்டணத்தைச் சந்தை முடிவு செய்கிறது, சுதந்திரச் சந்தையில் அரசு தலையிடுவதில்லை என்றார்கள். டிராயும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலான கட்டணங்களில் தலையிடாமல் ஒதுங்கி நிற்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. டிராய் சட்டத்தின் முகப்பைப் படித்துப் பாருங்கள், சேவை நிறுவனங்களின் நலனையும் நுகர்வோரின் நலனையும் காப்பதுதான் அதன் வேலை என்று இருக்கிறது. ஆட்டுக்கும் ஓநாய்க்கும் ஒரே காவலாளி! அந்தக் காவலாளி ஒதுங்கி நின்றால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்குக் கொடுத்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் இதைத்தான் கேட்டார். அரசு தலையிடாமல் ஒதுங்கினால் சுதந்திரம் கிடைக்கும் என்கிறீர்களே, யாருக்கு? நிலம் வைத்திருப்பவனுக்கும் ஆலை வைத்திருப்பவனுக்கும் கிடைக்கும் சுதந்திரம் அது. அவர்களிடம் கைகட்டி நிற்பவனுக்கு அது தனியாரின் சர்வாதிகாரம். அதனால்தான் அடிப்படைத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். இன்று இணையத்தைவிட அடிப்படையான தொழில் எது?

"தேர்வு" என்ற சொல்லை வைத்து நம்மை ஏமாற்றுவது புதிதில்லை. கேபிள் டிவியில் இது நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் புதிய கட்டணமுறை வந்தபோது, விரும்பும் சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள் என்றார்கள். முதலில் இணைப்புக்கே 130 ரூபாய், அதற்கு மேல் வரி, 153 ரூபாய் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல். அதற்கு முன் 2011இல் தமிழ்நாடு அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது நினைவிருக்கிறதா? அரசு கேபிளில் குறைகள் உண்டு, அரசியல் உண்டு. ஆனால் அரசு ஒரு விலையை முன்வைத்தால் தனியாரும் அதைப் பார்த்துத்தான் விலை வைக்க வேண்டியிருக்கும் என்று அது காட்டியது.

சரி, இதெல்லாம் எல்லோருக்கும் உள்ள பிரச்சினைதானே, வடசென்னைக்கு என்ன தனியாக என்று கேட்கலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. நகரத்துக்கு வேண்டிய நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. மின்சாரம் இங்கே தயாராகி அங்கே போகிறது, சாம்பல் இங்கேயே தங்கிவிடுகிறது. இணையமும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து வங்கக்கடலுக்கு அடியில் வரும் கேபிள்கள் சென்னைக் கரையில் ஏறி நாடு முழுக்கப் போகின்றன. கடலோரத்துக் குப்பங்களிலோ மின்கம்பத்தில் தொங்கும் ஒற்றை ஒயரும், ஒற்றைக் கேபிள்காரரும்தான். நாலு நிறுவனம் போட்டி போடுவது அடுக்குமாடிகளுக்கு. நமக்கு அவர் கொடுப்பதுதான் வேகம், அவர் சொல்வதுதான் விலை.

2023 டிசம்பரை மறக்க முடியுமா? மிக்ஜாம் புயலில் கைபேசிக் கோபுரங்கள் செத்துப்போயின. வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரம் வரை வந்து, வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அது காயும் முன்னே டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரெட் கேட்டகிரி ஆலைகள் சூழ்ந்த இடத்தில் கைபேசி இணைப்பு என்பது ரீல்ஸ் பார்க்கும் வசதி மட்டுமா? எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லும் கருவி அது. அடுத்த நாள் ஆட்சியாளர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது, இதோ பாருங்கள் என்று காட்டும் சாட்சியும் அதுதான். ரீசார்ஜ் தீர்ந்த வீட்டில் அந்தக் கருவியும் இல்லை, சாட்சியும் இல்லை.

அன்றாட வாழ்க்கையையும் பாருங்கள். ஆதாருக்கு ஓடிபி, வங்கிக்கு ஓடிபி, சாதிச் சான்றிதழுக்கு ஆன்லைன், கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைன். பேக் முடிந்து சில நாட்களில் வரும் அழைப்பும் நின்றுவிடும், ஓடிபியும் வராது. உணவு டெலிவரிக்குப் போகும் நம் தம்பிகள் பெட்ரோலுக்கும் கொடுத்து டேட்டாவுக்கும் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் சம்பளம். 2017-18இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த கணக்கெடுப்பில், இந்தியாவில் இணைய வசதி இருந்த வீடுகள் நகரத்தில் 42 விழுக்காடு, கிராமத்தில் 15 விழுக்காடு. அந்த நிலையில்தான் 2020இல் பள்ளிக்கூடத்தைக் கைபேசிக்குள் கொண்டுபோனார்கள். யாருடைய பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே நின்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதத்துக்குத் தினம் 2 ஜிபி இலவசமாகக் கொடுத்தது. நல்ல செயல். நான்கு மாதத்துக்குச் செய்ய முடிந்தது என்றால், முடியாத காரியம் இல்லை என்றுதானே பொருள்?

இதில் வேலைவாய்ப்பும் அடங்கியிருக்கிறது. தொலைபேசித் துறையிலும் பிறகு பிஎஸ்என்எல்லிலும் இடஒதுக்கீடு இருந்தது. லைன்மேனாகவும் ஆபரேட்டராகவும் பொறியாளராகவும் நம் வீடுகளிலிருந்து முதல் தலைமுறை ஒன்று உள்ளே போனது. தனியார் துறையில் 2012லேயே 4ஜி தொடங்கிவிட்டது. பிஎஸ்என்எல் நாடு முழுக்க 4ஜி தொடங்கியது 2025 செப்டம்பரில். கால்களைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் விட்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அந்த இடங்களோடு சேர்ந்து இடஒதுக்கீடும் வெளியேறியது. தனியார் டெலிகாமில் யாருக்கு எத்தனை இடம் என்று கேட்க நமக்குச் சட்டம் இல்லை. விலையிலும் நாம் தோற்றோம், வேலையிலும் தோற்றோம். இப்போது வோடஃபோன் ஐடியாவில் 49 விழுக்காட்டுப் பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது. பங்கு இருக்கிறது, ஆனால் பொதுத்துறை இல்லை. பொதுப்பணம் உண்டு, இடஒதுக்கீடு இல்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் அரசிடம் கொடுத்துவிடலாமா? அரசு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அணைத்துவிடாதா?" என்று ஒரு தோழர் கூட்டம் தொடங்கும் முன் கேட்டார். மிகச் சரியான பயம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். சுட்டவர்களின் கதை மட்டும் வெளியே போனது. 2020 ஜனவரியில் காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில், இணையம் வழியாகக் கருத்துச் சொல்வதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை, நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்த முடியாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நிறுத்துவது நிற்கவில்லை.

எனவே நம் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசு எங்கே தலையிட வேண்டுமோ அங்கே ஒதுங்கி நிற்கிறது, எங்கே ஒதுங்க வேண்டுமோ அங்கே தலையிடுகிறது. விலை விஷயத்தில் சுதந்திரச் சந்தை என்கிறது, பேச்சு விஷயத்தில் சுவிட்சைப் பிடிக்கிறது. நாம் கேட்பது நேர்மாறானது. கம்பியைப் போடு, விலைக்கு வரம்பு வை, ஆனால் சுவிட்சில் கை வைக்காதே. குடிநீர்க் குழாயை மாநகராட்சி போடுகிறது, அதற்காக யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்கும் அதிகாரம் அதற்கு வந்துவிடுமா?

குறிப்பாக என்ன கேட்பது? ஒன்று, எந்த எண்ணும் காசில்லாமல் செத்துப்போகாத ஒரு அடிப்படை பேக். வரும் அழைப்பு, ஓடிபி, அவசர எச்சரிக்கை, கொஞ்சம் முழு இணையம். நாலு தளம் உள்ள கூண்டு வேண்டாம், முழு இணையம். அதற்கு டிராய் விலை வரம்பு வைக்க வேண்டும். இரண்டு, கேரள அரசின் கே-ஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கை வைத்தது. போகும் வேகம் போதாது என்ற விமர்சனம் உண்டு, ஆனால் இலக்கு சரியானது. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடும் பணியில் இருக்கிறது. நகரத்துக் குப்பங்களும் வாரியக் குடியிருப்புகளும் அந்த வரைபடத்துக்குள் வர வேண்டும். மூன்று, டிராயின் கருத்துக்கேட்பு ஆவணங்கள் தமிழில் வர வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கருத்துக் கேட்டால், யாருடைய கருத்து வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டதாகத்தான் பொருள்.

கோரிக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கவும் கூடாது. கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். 2024 டிசம்பரில் டிராய் போட்ட உத்தரவுப்படி, டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக்கை எல்லா நிறுவனமும் கொடுக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் நம் ஆயா, தாத்தாவுக்கு அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். நிறுவனங்கள் கொண்டுவந்தவை பெரும்பாலும் 84 நாள், ஒரு வருடம் என்று மொத்தமாகப் பணம் கேட்பவை. மாதத்துக்கு ஒன்று வேண்டும் என்று எழுதுங்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. மாமியார் மீது மாமனாரிடம் புகார் கொடுப்பது மாதிரிதான். ஆனால் 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஒரு கதவைத் திறந்துவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்துக்கு நேராகப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்த வட்டத்தில் சட்டம் படிக்கும் தோழர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், இந்தத் தெருக்களின் புகார்களை ஒன்றாகக் கட்டி அனுப்பலாம். 2015இல் பத்து லட்சம் மின்னஞ்சல் ஒரு ஆணையத்தை அசைத்தது. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் தமிழில் பத்தாயிரம் கடிதம் போனால் அசையாதா?

நுகர்வோர் என்று நம்மை அழைக்கிறார்கள். பேக் இருக்கும்வரைதான் அந்தப் பெயர். பேக் தீர்ந்த மறுநாள் நாம் அவர்கள் கணக்கில் இல்லை. குடிமக்கள் என்ற பெயர் அப்படித் தீர்வதில்லை. சாலையிலும் குளத்திலும் நம் முன்னோர்கள் வாடிக்கையாளர்களாகப் போய் நின்று கேட்கவில்லை. இது எங்களுக்கும் சொந்தம் என்று சொல்லித்தான் இறங்கினார்கள். இணையத்திலும் அப்படித்தான் இறங்க வேண்டும்.